தாமிரமும் வைரமும்: சாம்பியா, போட்ஸ்வானா மக்களின் வாழ்க்கைத் தர வரலாறு

சாம்பியாவும் போட்ஸ்வானாவும் அண்டை நாடுகள்தாம். ஆனால் அவை தொட்டுக்கொள்ளும் எல்லை, சாம்பேசி ஆற்றில் ஏறத்தாழ 150 மீட்டர் மட்டுமே. இரண்டும் கடற்கரை இல்லாதவை, பிரிட்டனிடமிருந்து இரண்டாண்டு இடைவெளியில் விடுதலை பெற்றவை, ஒற்றைக் கனிமத்தை நம்பிப் பிழைப்பவை. இன்று போட்ஸ்வானாவின் தலா வருமானம் சாம்பியாவைவிட ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் ஐ.நா.வின் அண்மை மதிப்பீட்டில் போட்ஸ்வானாவின் சராசரி ஆயுள் சுமார் 69, சாம்பியாவின் சராசரி ஆயுள் சுமார் 66. இவ்வளவு பெரிய வருமான வேறுபாடு ஆயுளில் மூன்றாண்டாகச் சுருங்கியது எப்படி? கனிமத்தில் வந்த பணம் எந்த வழியாகக் குடும்பங்களைச் சென்றடைந்தது, எப்போது சேராமல் போனது என்று தேடினால் விடை கிடைக்கும்.

1964 அக்டோபரில் சாம்பியா விடுதலை பெற்றபோது ஆப்பிரிக்காவின் வளமான நாடுகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. அதன் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தாமிரம். 1966இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானாவோ பஞ்சத்தில் தவித்தது. நாடு முழுவதும் தார்ச்சாலை 12 கிலோமீட்டர், பட்டதாரிகள் 22 பேர். அரசுச் செலவுக்கே பிரிட்டனின் உதவி தேவைப்பட்டது. ஆண்கள் கூலி தேடித் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அன்று இவ்விரு நாடுகளின் எதிர்காலத்தைக் கணித்தவர் எவரும் போட்ஸ்வானாவின் பக்கம் நின்றிருக்க மாட்டார்.

சாம்பியாவின் வடக்கே கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா போன்ற தாமிர நகரங்களில் சுரங்கத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு வீடு, மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாம் நிறுவனமே தந்தது. குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டாவின் அரசு நாடெங்கும் பள்ளிகளைப் பெருக்கியது. 1966இல் சாம்பியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. நகரத்து மக்களின் அன்றாட உணவான சோள மாவு மானிய விலையில் கிடைத்தது. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் லண்டன் உலோகச் சந்தையில் தாமிரத்துக்கு என்ன விலை என்பதைப் பொறுத்திருந்தது. 1974-75இல் விலை வீழ்ந்தது. எண்ணெய் விலையோ ஏற்கெனவே ஏறியிருந்தது. கடலுக்குப் போகும் வழிகளும் அடைபட்டன: ரொடீசியாவுடனான (இன்றைய ஜிம்பாப்வே) எல்லை 1973இலேயே மூடப்பட்டிருந்தது. அங்கோலா வழியான பெங்குவெலா ரயில் பாதையும் 1975இல் நின்றுபோனது. விலை மீண்டுவிடும் என்று நம்பி அரசு கடன் வாங்கியது. விலை மீளவில்லை. அடுத்த இருபதாண்டுகளில் தலா வருமானம் ஏறத்தாழப் பாதியாயிற்று. பன்னாட்டு நாணய நிதியத்தின் நெருக்கடியில் 1986 டிசம்பரில் மாவு மானியத்தை நீக்கியபோது தாமிர நகரங்களில் கலவரம் வெடித்துப் பலர் மாண்டனர். அரசு உடனே பின்வாங்கியது.

கவுண்டாவின் மானியங்களைப் பொருளியலாளர் பலர் வீண்செலவு என்று எழுதினார்கள். தொழிலாளியின் குடும்பத்துக்கோ அதுவும் சம்பளத்தின் ஒரு பகுதி. என் கணிப்பில் பிழை மானியத்தில் இல்லை. தாமிரம் நல்ல விலைக்கு விற்ற பத்தாண்டை நிரந்தரம் என்று கொண்டதில் இருக்கிறது. 1990களில் சுரங்கங்கள் தனியார்மயமானபோது நிறுவனம் நடத்திய மருத்துவமனையும் பள்ளியும் பெரும்பாலும் கைவிடப்பட்டன. வேலையோடு பிணைந்திருந்த வாழ்க்கைத் தரம் வேலையோடு போயிற்று.

போட்ஸ்வானாவின் பாதை வேறு. 1967இல் ஒராப்பாவில் வைரம் கண்டறியப்பட்டது. அந்த நிலம் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவான பாமங்க்வாட்டோ மக்களுடையது. அதே ஆண்டுச் சட்டம் இனக்குழுக்களின் கனிம உரிமையை அரசுக்கு மாற்றியது. தம் மக்களுக்கு மட்டும் வந்திருக்கக்கூடிய செல்வத்தை நாட்டுக்குப் பொதுவாக்கிய அந்த முடிவு பின்னர் கட்டிய எந்த அணையையும் சாலையையும்விடப் பெரியது. 1975இல் டி பியர்ஸ் வைர நிறுவனத்துடனான கூட்டுத் தொழிலில் அரசின் பங்கு 50 விழுக்காடாயிற்று. 1982இல் ஜ்வனெங் வைரச் சுரங்கம் திறந்தது.

அதே ஆண்டுகளில்தான் கடும் வறட்சியும் வந்தது. 1981 முதல் 1987 வரை மழை பொய்த்தது, விளைச்சல் அழிந்தது, கால்நடைகள் மடிந்தன. ஆயினும் பட்டினிச் சாவு பரவவில்லை. பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் குழந்தைகளுக்கு உணவு, ஊர்களில் கூலியுடன் பொதுப்பணி என்று அரசு குடும்பங்களைத் தாங்கியது. ழான் த்ரேசும் அமர்த்தியா சென்னும் 1989இல் வெளியிட்ட பசி பற்றிய நூலில் இதை முன்மாதிரியாக ஆராய்ந்தார்கள். தலா வருமான அட்டவணையைவிட இந்த ஏழாண்டு வறட்சியே போட்ஸ்வானாவின் வாழ்க்கைத் தரத்துக்குச் சிறந்த சான்று. (மத்திய கலகாரியிலிருந்து 1997இலும் 2002இலும் அகற்றப்பட்ட பழங்குடியினரான சான் மக்கள் இந்தப் புகழுரையை ஏற்க மாட்டார்கள். 2006இல் உயர் நீதிமன்றமும் அவர்களுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது.)

பிறகு எய்ட்ஸ் வந்தது. செல்வத்துக்கும் நலத்துக்கும் இடையே இருந்த உறவு அறுந்தது. போட்ஸ்வானாவில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது. 1990 வாக்கில் 60ஐ எட்டியிருந்த சராசரி ஆயுள் 2000களின் தொடக்கத்தில் 50க்கு அருகே சரிந்தது. வைர நாடும் தாமிர நாடும் இடுகாட்டில் சமமாயின. மீண்ட விதத்தில்தான் வேறுபாடு. 2002இல் போட்ஸ்வானா அரசு 'மாசா' என்ற திட்டத்தில் மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. செலவில் பெரும்பகுதியைத் தானே ஏற்றது. சாம்பியாவும் சில ஆண்டுகளில் அதே மருந்தைத் தந்தது. ஆனால் அமெரிக்க உதவியிலும் எய்ட்ஸுக்கு எதிரான உலக நிதியத்தின் பணத்திலும். ஆயுள் இடைவெளி குறுகியதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். சாம்பியா பொருளாதாரத்தில் எட்டிப் பிடிக்கவில்லை, மருந்து எட்டியது.

வறுமையில் இடைவெளி அகலமாகவே இருக்கிறது. நாட்டு அளவுகோல்கள் வேறுவேறு என்பதை மறக்காமல் படித்தால், 2015-16இல் போட்ஸ்வானாவில் ஏழைகள் ஆறில் ஒருவர். 2022இல் சாம்பியாவில் பத்தில் ஆறு பேர். 2005இல் தள்ளுபடியான கடனுக்குப் பதில் புதுக்கடன் வாங்கி, 2020 நவம்பரில் சாம்பியா மீண்டும் தவணை தவறியது.

போட்ஸ்வானாவின் ஏற்பாட்டுக்கும் சோதனை வந்துவிட்டது. ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இன்றும் வைரமே. ஆய்வகத்தில் விளையும் வைரம் அதன் விலையைச் சாய்த்திருக்கிறது. 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி 2024 அக்டோபர் தேர்தலில் தோற்றது. 2025 ஆகஸ்டில், மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்துபோனதால், புதிய குடியரசுத் தலைவர் டூமா போகோ பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தார்.