மாட்டு வயிற்றில் ஒரு காமிரா

எங்கள் வீட்டுக் கொல்லையில் நந்தியாவட்டை இலைகளைச் சேர்த்துத் தைத்து, தையற்சிட்டு ஒன்று கூடு கட்டியிருந்தது. எனக்குப் படம் பிடிக்கும் ஆசை வந்துவிட்டது. வெளிச்சத்தை மறைத்த இரண்டு இலைகளைக் கிள்ளிப் போட்டேன். படம் நன்றாகத்தான் விழுந்தது. மறுநாள் விடிவதற்குள் காக்கை வந்து குஞ்சுகளைக் கொண்டுபோய்விட்டது.

அன்றிலிருந்து கியர்ட்டன் சகோதரர்களை நினைக்காத நாள் குறைவு. ரிச்சர்டு, செர்ரி இருவரும் யார்க்ஷயர் மலைக் கிராமத்தில் பிறந்தவர்கள். ரிச்சர்டு சிறுவயதில் பறவைக்கூடு தேடப்போய் அடிபட்டு, ஆயுள் முழுவதும் நொண்டி நடந்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் முட்டைகளை எடுத்துவந்து பெட்டியில் அடுக்கிவைப்பது பெரிய மனிதர்களுக்கும் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் பொழுதுபோக்கு. 1892 ஏப்ரலில், லண்டனை அடுத்த என்ஃபீல்டில், முட்டைகளோடு இருந்த ஒரு கூட்டைச் செர்ரி படம் எடுத்தார். முட்டை கூட்டிலேயே இருந்தது. படம் மட்டும் வீட்டுக்கு வந்தது! 1895-இல் அப்படிப்பட்ட படங்களாலேயே ஒரு புத்தகம் போட்டார்கள்.

கூட்டைப் பிடித்தாயிற்று, பறவையைப் பிடிக்க வேண்டாமா? அது மனிதனைக் கண்டால் பறந்துவிடுகிறது; மாட்டைக் கண்டால் பறப்பதில்லை. ஆகவே 1900-வாக்கில் ஒரு மாட்டுத் தோலைப் பதப்படுத்தி, உள்ளே குடைவாக வைத்து, காமிராவோடு அதற்குள் புகுந்துகொண்டார்கள். முதுகை வளைத்தபடி புழுக்கத்தில் காத்துக் கிடந்தார்கள். பிறகு பொய் ஆடு ஒன்றும் செய்தார்கள். முதலில் இதைப் படித்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு இலை எனக்கு இடைஞ்சலாக இருந்ததே, அதற்கு முன்பு.

தாய்ச்சிட்டு இரண்டு நாள் செடியைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாமா என்று என் மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை.