வளரும் கண்ணில் மறையும் நாடி

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் இளஞ்செடிகளுக்குத் தற்காலிக நிழல் மரங்களை நடுவர். செடி வேரூன்றி வளர்ந்தபின் அவற்றை அகற்றி ஒளிக்கு வழிவிடுவர். கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணிலும் இதனையொத்த செயலொன்று நிகழ்கின்றது.

கண்ணின் நடுவே செல்லும் ஐயலோயிட்டு நாடி, வளரும் வில்லைக்கு உணவூட்டுவது. நான்காம் மாதமளவில் அது தேயத் தொடங்கும். பிறப்புக்கு முன் பெரிதும் மறைந்துவிடும். அது சென்ற வழியைப் பிரான்சிய உடற்கூற்றறிஞர் குளோக்கே 1818இல் விவரித்தார். அது மறையாது எஞ்சின் பார்வை கெடும் என்பதை அமெரிக்க மருத்துவர் றீஸ் 1955இல் விரிவாக ஆராய்ந்தார்.

அந்நாடியை அகற்றுவது யாது? பெருந்தின்குழியங்களே என்பதனை 1993இல் இலாங், பிசொப் என்போர் எலிகளிற் காட்டினர். அவை விடுக்கும் விண்ட் 7பி என்னும் புரதமே கலன்களின் சுவரை மாளச் செய்வது என்பது 2005இல் தெளிவாயிற்று. 2013இல் வியத்தகு உண்மையொன்று வெளிப்பட்டது. சூலுற்ற எலியை இருளில் வைத்தபோது, குட்டியின் கண்ணில் அக்கலன்கள் உரிய காலத்தில் மறையாது எஞ்சின. தாயின் உடலூடே புகும் ஒளியும் கருவுக்கு ஒரு செய்தியாகின்றது. மனிதர்க்கும் இஃது அவ்வாறே பொருந்துமெனத் துணிதல் இன்னும் தகாது.

ஆயினும், தோட்டத்துத் தாய்மார் அறியவேண்டியது ஒன்றுண்டு. குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தோன்றின், காரணம் எதுவாயினும், தாமதியாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். ஒளி புகவேண்டிய காலத்தில் வழி அடைபட்டிருப்பின், இழந்த பார்வையைப் பின்னர் மீட்டல் அரிது.