கடவுச்சொல் மேலாளி

கடவுச்சொல் மேலாளி என்பது ஒருவரின் இணையக் கணக்குகளுக்கான கடவுச்சொற்களைக் குறியாக்கம் செய்து ஒரே பெட்டகத்தில் காக்கும் மென்பொருள். பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை மட்டும் பயனர் நினைவில் வைத்திருந்தால் போதும்.

தேவை: ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் பயன்படுத்துவது பேராபத்து. ஒரு தளத்திலிருந்து கசிந்த பயனர்பெயர்களையும் கடவுச்சொற்களையும் திருடர்கள் தானியங்கி நிரல்களால் மின்னஞ்சல், வங்கித் தளங்களிலும் முயன்று பார்க்கிறார்கள். மேலாளி ஒவ்வொரு கணக்குக்கும் நீளமான, தற்போக்கான கடவுச்சொல்லை உருவாக்கித் தருவதால் ஒரு கசிவு மற்ற கணக்குகளுக்குப் பரவுவதில்லை.

வரலாறு: அமெரிக்கக் குறியாக்க வல்லுநர் புரூஸ் ஷ்னையர் வடிவமைத்த ‘பாஸ்வேர்டு சேஃப்’ 1997இல் வெளியானது. ‘கீபாஸ்’ 2003இலும் ‘பிட்வார்டன்’ 2016இலும் வந்தன. இம்மூன்றும் இன்று திறமூல மென்பொருள்கள்.

இயங்குமுறை: முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து ஆர்கான்2 போன்ற, வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் சார்பின் வழியே ஒரு சாவி பெறப்படுகிறது. அச்சாவியால், பெரும்பாலும் ஏஇஎஸ்-256 குறியாக்க முறையில், பெட்டகம் பூட்டப்படுகிறது. உலாவியில் இணைந்த மேலாளி தள முகவரியைச் சரிபார்த்த பிறகே கடவுச்சொல்லை நிரப்பும்; ஆகவே போலித் தளங்களில் ஏமாறும் வாய்ப்பு குறைகிறது.

வரம்புகள்: 2022இல் கடவுச்சொல் மேலாளியை வழங்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் திருடப்பட்டன. அத்தகைய நிலையில் பெட்டகத்தின் காப்பு முதன்மைக் கடவுச்சொல்லின் வலிமையையே பெரிதும் பொறுத்தது. தொடர்பற்ற பல சொற்களைக் கோத்த நீண்ட தொடர் அதற்கு ஏற்றது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குவதும், மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவதும் இன்றியமையாதவை.