பெட்டி வந்த நாளும் பம்ப் ஓடிய நாளும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் தொழில் வரலாறு பெரும்பாலும் திறப்பு விழாக்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ, 2000இல் கண்ணாடி ஆலை, 2006இல் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் லாரிகள். ரிப்பன் வெட்டுவதற்கு முன் எந்திரங்கள் பெட்டியிலேயே கிடந்த மாதங்களுக்கு இந்த வரிசையில் இடமில்லை. பெயின்ட் ஷாப், குளிர்நீர்ச் சுற்று, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தீயணைப்பு என்று ஒரு கார் ஆலையில் பம்ப் தேவைப்படாத மூலை குறைவு. அந்தப் பம்ப் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதில் பெட்டியில் கிடந்த மாதங்களுக்கும் பங்குண்டு. வந்த எந்திரத்தை இறக்கிப் பார்த்து அடுக்கி வைக்கும் வழக்கத்தின் கதையைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெரிகிறது. சரக்குப் போக்குவரத்து எளிதாக ஆக, சேதம் கண்ணுக்குப் படாத இடத்துக்குள் போய்விட்டது. பெற்றுக்கொள்பவரின் பழக்கமோ கண்ணுக்குத் தெரிந்த சேதத்தின் காலத்திலேயே நின்றுவிட்டது.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத நாளில் கப்பல்கள் கரையிலிருந்து எட்டவே நங்கூரமிட்டன. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளே சரக்கை அலை தாண்டிக் கரைசேர்த்தன. 1861இல் கடலுக்குள் இரும்பு இறங்குமேடை வந்தது. 1870களில் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தை 1881 புயல் சிதைத்தது. அந்தக் காலத்தில் வார்ப்பிரும்பு எந்திரம் ஒன்று கைதவறினால் கடலுக்குள் போகும், இல்லையென்றால் கரையில் விழுந்து விரிசல் விடும். எப்போது, எங்கே, யார் கையில் என்பதில் மர்மமில்லை. பின்னால் வந்த சட்டங்களும் இதே அனுபவத்தின் மொழியில்தான் பேசின. 1925ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குச் சட்டம், வெளியே தெரியாத சேதமானால் மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் சொல்லிவிட வேண்டும் என்றது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவருக்குச் சோதித்துப் பார்க்கும் உரிமை தந்தது. நியாயமான காலத்துக்குள் மறுக்காமல் வைத்துக்கொண்டவர் ஏற்றுக்கொண்டவரே என்றும் சொன்னது. திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் அடியில் இருக்கிறது.

அந்த நம்பிக்கையின் ஓட்டையைக் காட்டியது, பொருத்தமாகவே, கார் தொழில்தான். வாடிக்கையாளர் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே புதுக் கார்களின் சக்கர பேரிங்குகள் தேய்ந்திருப்பதை 1937இல் அமெரிக்கப் பொறியாளர் ஆல்மென் விளக்கினார். தொலைதூரம் போன கார்களில் சேதம் கூடுதல். வழிநெடுக ஏற்பட்ட நுண்ணிய அதிர்வுதான் காரணம். சுழலாமல் நிற்கும் பேரிங்கில் குண்டுகள் ஒரே இடத்தில் உராய்ந்துகொண்டிருக்கும். நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம் விலகும். வளையத்தில் பள்ளம் விழும். பம்புக்கும் இதே விதிதான். லாரியில் வரும்போது மட்டுமல்ல, ஜெனரேட்டர் ஓடும் கொட்டகைக்கு அருகிலோ பைலிங் நடக்கும் மனையிலோ மாதக்கணக்கில் கிடந்தாலும் இது நடக்கும். பெட்டியைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் பளபளக்கும் புது பம்ப்தான் படும். இதற்கான பரிகாரம் வியக்கத்தக்க அளவு எளிது: குறித்த இடைவெளியில் ஷாஃப்ட்டைக் கையால் ஒன்றேகால் சுற்றுச் சுற்றி, குண்டுகளை வேறு இடத்தில் நிற்க வைப்பது. தூக்கும்போது நேரும் பிழையும் இப்படித்தான் ஒளிந்துகொள்கிறது. மோட்டாரின் மேலுள்ள ஐ-போல்ட் மோட்டாரை மட்டும் தூக்குவதற்கானது. அதில் கொக்கியை மாட்டி, பம்பும் மோட்டாரும் சேர்ந்த மொத்த செட்டையும் ஹைட்ரா கிரேன் தூக்கினால் எதுவும் உடையாமல் போகலாம். ஆனால் பேஸ் பிளேட் முறுக்கிக்கொள்ளும். அது அலைன்மென்ட் பார்க்கும் நாளில்தான் தெரியவரும்.

இன்றைய ஏற்றுமதிப் பேக்கிங் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். துருத்தடுப்புத் தாளும் சிலிக்கா ஜெல்லும் நன்றாகவே வேலை செய்கின்றன, பெட்டியின் மூடல் கெடாதவரை. சோதனைக்காக ஒருமுறை திறந்து அரைகுறையாக மூடிய பெட்டியில் ஜெல் விரைவில் ஈரத்தை உறிஞ்சித் தீர்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று ஈரத்தைக் கொண்டுவரும் ஊர் இது. தரைவரை இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் இரவுக் குளிரில் நீர் வியர்க்கும். மழையைத் தடுத்த தார்ப்பாயே துருவுக்குத் துணைபோகும். பேக்கிங் பயணத்தைத் தாங்கும். காத்திருப்பைத் தாங்கும் பொறுப்பு பெற்றுக்கொண்டவருடையது. எண்ணெய்த் துறையினர் இதைத் தனி வேலையாகவே கருதினர். ஹூண்டாய் இங்கே நிறுவனம் பதிவு செய்த அதே 1996இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வெளியிட்ட 686ஆம் எண் நடைமுறை நூலில், தூக்குவதற்கு ஓர் அத்தியாயம், தளத்தில் பெற்றுப் பாதுகாப்பதற்கு இன்னோர் அத்தியாயம்.

பம்ப் தமிழ்நாட்டுக்குப் புதிதா, கோயம்புத்தூரிலிருந்து ஓர் இரவில் லாரியில் வந்துவிடாதா என்பது இன்னொரு மறுப்பு. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின்மோட்டார் செய்த ஊர் கோவை. ஆல்மென் எழுதியதும் அதே ஆண்டுதான். ஆனால் பம்போடு நமக்குள்ள இந்தப் பழக்கமே நமக்கு எதிராக வேலை செய்கிறது என்பது என் எண்ணம். விவசாயி வாங்கிய பம்ப் கடையிலிருந்து நேராகக் கிணற்றடிக்குப் போனது. காத்திருக்கும் பம்பைப் பராமரிக்கும் வழக்கம் அங்கே உருவாக வேண்டிய அவசியமே இல்லை. அந்த அலட்சியம், அடித்தளக் கான்கிரீட் முடியும்வரை பல மாதம் காத்திருக்க வேண்டிய தொழில்துறை பம்புக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது மறுப்பு வலுவானது: இந்த வட்டாரத்து ஆலைகள் தேவைப்படும் நேரத்தில் மட்டும் பொருளை வரவழைப்பதில் தேர்ந்தவை, கிடங்கில் நெடுநாள் கிடத்துவது எதற்கு? உற்பத்திக்கான பாகங்களுக்கு இது சரி. கட்டுமானத்துக்கு இது பொருந்தாது என்பதற்கு வணிகமே சாட்சி. இந்தியாவில் பம்ப் ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக வழங்கும் உத்தரவாதம், அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம் அல்லது ஓடத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம், எது முந்தியோ அது. அதாவது ஆறு மாதம் சும்மா கிடக்கும் என்று விற்பவரும் வாங்குபவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிடக்கும் இடமோ ஏரிகளின் நாடு. உபரிநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கி இறங்கும் சரிவு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்தது, கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. தரையில் நேரே வைத்த பெட்டிக்கும் மரக்கட்டை அடுக்கின் மேல் வைத்த பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அத்தகைய ஓர் இரவே காட்டிவிடும். இருந்தும் அந்த ஆறு மாதத்தில் ஷாஃப்ட்டைச் சுற்றவும், ஃபிளாஞ்ச் மூடிகளைக் கவனிக்கவும், தேதி போட்டுக் கையெழுத்திடவும் ஆள் யார்? விற்பவரின் பொறுப்பு கேட்டில் முடிகிறது, நிறுவும் ஒப்பந்தக்காரரின் பொறுப்பு அடித்தளத்தில் தொடங்குகிறது, ஸ்டோர் கீப்பரின் கணக்கில் பம்ப் என்பது ஓர் எண்ணிக்கை. விலைப்பட்டியலில் ‘நிறுவும் வரை பராமரிப்பு’ என்று தனி வரியும் தொகையும் இல்லாத ஒப்பந்தத்தில், இந்த மூவரில் ஒருவரையும் குறை சொல்ல முடியாது.