பெயரைச் சுமந்த பிள்ளைகள்



பெருங்குற்றம் ஒன்று நிகழ்ந்தால் நாளிதழ்கள் குற்றவாளியைப் பற்றி எழுதுகின்றன. நீதிமன்றம் தீர்ப்பளிக்கின்றது. குற்றவாளி சிறைக்கோ தூக்குமேடைக்கோ செல்கின்றான். அத்துடன் செய்தி முடிந்துவிடுகின்றது. ஆனால், அவனுடைய வீட்டில் வாழ்க்கை முடிவதில்லை. மனைவி மறுநாளும் கடைக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகள் மறுநாளும் பள்ளிக்குச் செல்ல வேண்டும். பதிவேட்டில் அவர்களின் பெயரோடு அந்தத் தந்தையின் பெயரும் இருக்கின்றது. இவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர்?

பாதிக்கப்பட்டோரின் துயரமே முதன்மையானது. அதற்கு ஈடாக வேறெதையும் வைக்க இயலாது. ஆயினும், குற்றவாளியின் பிள்ளையும் நம் வகுப்பறையில் அமர்கின்றது என்பதால், ஆசிரியர்களாகிய நாம் இக்கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இதற்கு வரலாற்றில் நன்கு பதிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது ஜெர்மனியின் நாஜித் தலைவர்களுடைய பிள்ளைகளின் வரலாறு.

நூரெம்பெர்க்கிற்குப் பின்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், நூரெம்பெர்க் நகரில் 1945 நவம்பர் 20-ஆம் நாள் அனைத்துலக இராணுவ நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கியது. 1946 அக்டோபர் 1-ஆம் நாள் தீர்ப்பு முடிந்தது. பன்னிருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் பதின்மர் அக்டோபர் 16-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். கோரிங் அதற்குச் சற்று முன்னர் நஞ்சுண்டு இறந்தார். போர்மன் நேரில் இல்லாமலேயே தண்டிக்கப்பட்டவர்.

இத்தலைவர்களுள் பலருக்குப் பள்ளி வயதில் பிள்ளைகள் இருந்தனர். அதுவரை அரச குடும்பத்தாரைப் போல் வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரே ஆண்டில் அவர்களின் குடும்பப் பெயர் உலகம் வெறுக்கும் பெயராயிற்று.

இரத்தத்தைத் தண்டித்த அரசு

இப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுமுன் வேறு சில பிள்ளைகளையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

1944 சூலை 20-ஆம் நாள் ஹிட்லரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. குண்டு வைத்தவர் ஸ்டாஃபென்பெர்க் என்னும் படை அதிகாரி. முயற்சி தோற்றது, அன்றிரவே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாஜி அரசு அத்துடன் நிற்கவில்லை. துரோகம் இரத்தத்தில் ஓடுகின்றது, ஆகவே குடும்பமே அதற்குப் பொறுப்பு என்றது. எஸ்.எஸ். படையின் தலைவராகிய ஹிம்லர், ஸ்டாஃபென்பெர்க் குடும்பம் வேரோடு அழிக்கப்படும் என அடுத்த மாதமே கட்சித் தலைவர்களிடம் கூறினார். ஸ்டாஃபென்பெர்க்கின் மனைவி சிறைப்பட்டார். கடைசிக் குழந்தையை 1945 சனவரியில் காவலில் இருந்தபடியே ஈன்றார். மற்ற பிள்ளைகள் பாட் சாக்சா என்னும் ஊரிலிருந்த குழந்தைகள் இல்லத்தில் அடைக்கப்பட்டனர். மூத்தவனுக்கு அப்போது வயது 10. எதிர்ப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 40-க்கும் மேற்பட்ட சிறார்கள் அங்கு இருந்தனர். அவர்களின் குடும்பப் பெயர்கள் பறிக்கப்பட்டு வேறு பெயர்கள் சூட்டப்பட்டன.

போர் முடிந்த பின்னரும் ஜெர்மானியருள் பலர் பல்லாண்டுகள் அக்குடும்பங்களைத் துரோகிகளின் குடும்பங்கள் என்றே கருதினர். பிற்காலத்தில்தான் ஸ்டாஃபென்பெர்க் நாட்டின் மதிப்பிற்குரியவர் ஆனார். மூத்த மகன் மேற்கு ஜெர்மனிப் படையில் தளபதி நிலைக்கு உயர்ந்தார்.

இங்கு நாம் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தந்தையின் செயலுக்குப் பிள்ளையைத் தண்டிக்கலாம் என்னும் எண்ணத்தை அரசின் கொள்கையாகவே நடைமுறைப்படுத்தியவர்கள் நாஜிகள். யூதக் குழந்தைகளைக் கொன்றதும், பிறப்பிலேயே குற்றம் உண்டென்னும் அதே எண்ணத்தால்தான். எனவே, நாஜித் தலைவனின் மகளைப் பார்த்து, இவளும் அந்த இரத்தம்தானே என்று நாம் கூறுவோமானால், அந்த நாஜிகளின் வாதத்தையே நாமும் பேசியவர்களாவோம்.

மூன்று பாதைகள்

தந்தையின் குற்றத்தைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகையில் எதிர்கொள்ளவில்லை.

முதலாவது, மறுத்தல். ஹிம்லரின் மகள் குட்ருன் 1929-இல் பிறந்தவர். 1945-இல் தந்தை காவலில் நஞ்சுண்டு இறந்தபோது அவருக்கு வயது 15. தாயும் மகளும் நேச நாட்டுப் படைகளின் காவலில் வைக்கப்பட்டனர். வதை முகாம்கள் அனைத்திற்கும் தலைமை தாங்கிய தந்தையை அவர் இறுதிவரை கைவிடவில்லை. தண்டிக்கப்பட்ட முன்னாள் எஸ்.எஸ். படையினருக்கு உதவும் அமைப்பு ஒன்றில் பல்லாண்டுகள் ஈடுபட்டார். 2018-இல் மறைந்தார். தந்தையின் குற்றத்திற்கு 15 வயதுச் சிறுமி பொறுப்பல்லள். ஆனால், வளர்ந்தபின் தாமே தேர்ந்துகொண்ட செயல்களுக்கு அவரே பொறுப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவது நேர்மையாகும்.

இரண்டாவது, வெளிப்படையாகப் பழித்தல். நிக்லாஸ் ஃபிராங்க் 1939-இல் பிறந்தவர். அவருடைய தந்தை ஹான்ஸ் ஃபிராங்க், நாஜிகள் கைப்பற்றிய போலந்தில் தலைமை ஆளுநராக இருந்தவர். நூரெம்பெர்க்கில் தூக்கிலிடப்பட்ட பதின்மருள் ஒருவர். ஏழு வயது நிக்லாஸ் சிறையில் தந்தையைக் கடைசியாகக் கண்டபோது, கிறிஸ்துமஸ் திருநாளை வீட்டில் சேர்ந்து கொண்டாடுவோம் என்று தந்தை சொன்னாராம். தாம் தூக்கிலிடப்படப் போவதை அறிந்தும் தந்தை சொன்ன அந்தப் பொய்யை நிக்லாஸ் மன்னிக்கவில்லை. பின்னாளில் இதழாளரான அவர், 1987-இல் தந்தையைக் கடுமையாகச் சாடி ஒரு நூல் வெளியிட்டார். பெற்ற தந்தையை இப்படி எழுதலாமா என்று ஜெர்மனியில் பலர் கொதித்தனர். தந்தையின் சடலத்தைக் காட்டும் படத்தை அவர் பணப்பையில் வைத்திருக்கின்றார். பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களிடமும் பேசி வந்துள்ளார். உண்மையைச் சொல்வதில் அவர் தளரவில்லை. ஆனால் அவருடைய வாழ்நாள் முழுவதும் தந்தையோடு நடத்திய வழக்காகவே ஆகிவிட்டது.

மூன்றாவது, ஈடுசெய்ய முயலுதல். ஆல்பர்ட் ஸ்பீர், ஹிட்லரின் கட்டடக் கலைஞராகவும் போர்த்தளவாட அமைச்சராகவும் இருந்தவர். இலட்சக்கணக்கானோரின் கட்டாய உழைப்பில் அவருடைய தொழிற்சாலைகள் இயங்கின. அவருக்கு 20 ஆண்டுச் சிறை, 1966-இல் விடுதலையானார். வீட்டில் ஆறு பிள்ளைகள். மூத்த மகன், தந்தையின் பெயரையே உடையவர், தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். திக்குவாயால் துன்புற்ற அச்சிறுவன் பின்னாளில் பெயர்பெற்ற நகர்த் திட்டமிடுநர் ஆனார், 2017-இல் மறைந்தார். தம் வாழ்நாளெல்லாம் தந்தையிடமிருந்து தம்மை வேறுபடுத்திக்கொள்ளவே முயன்றதாக அவர் கூறியதுண்டு.

அவருடைய தங்கை ஹில்டா 1936-இல் பிறந்தவர். 1952-இல் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா செல்ல விண்ணப்பித்தார். ஸ்பீரின் மகள் என்பதால் முதலில் விசா மறுக்கப்பட்டது, பிறகு கிடைத்தது. சிறையிலிருந்த தந்தைக்குக் கடிதம் எழுதி, அறிவுடைய ஒருவரால் அந்த ஆட்சியில் எவ்வாறு பங்குகொள்ள முடிந்தது எனக் கேட்டார். தந்தையின் விடுதலைக்காகவும் உழைத்தார். கேள்வி கேட்டதும் அவரே. அன்பு காட்டியதும் அவரே. பின்னர்க் கல்வியியலாளராகவும் பெர்லின் சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். தந்தை விட்டுச்சென்ற ஓவியங்கள் அவர் கைக்கு வந்தபோது, அவை யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்டவையாக இருக்கலாம் என்று ஐயுற்றார். அவற்றை விற்று, அப்பணத்தைக் கொண்டு 1994-இல் தோழியரோடு ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் பெயரின் பொருள் 'திருப்பிக் கொடுத்தல்'. கலையிலும் அறிவியலிலும் ஈடுபட்டுள்ள யூதப் பெண்களுக்கு அது உதவுகின்றது.

ஓர் ஆசிரியை

ஹில்டாவின் வரலாற்றில் ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகின்றது.

1950-களில் ஹைடல்பெர்க் நகரில் உயர்நிலைக் கல்வி பயின்றபோது அவருக்கு வரலாறு கற்பித்தவர் முனைவர் டோரா லுக்ஸ். 1882-இல் பிறந்த இவர், ஜெர்மனியில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்த தொடக்கக் காலத்திலேயே முனைவர் பட்டம் பெற்றவர். யூத வழியினர் என்பதால் 1933-இல் நாஜி அரசு அவரை ஆசிரியப் பணியிலிருந்து நீக்கியது. யூதர் எனப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற ஆணைக்கு அவர் பணியவில்லை. அவ்வாறு பதியாமல் இருந்தே உயிர் தப்பினார். போருக்குப் பின், எழுபது வயதைக் கடந்த நிலையிலும் வகுப்பறைக்குத் திரும்பிப் பாடம் நடத்தினார்.

அந்த வகுப்பில், தம்மை அழிக்க முனைந்த ஆட்சியில் அமைச்சராக இருந்தவரின் மகள் அமர்ந்திருந்தாள். ஆசிரியை என்ன எண்ணியிருப்பார் என்று நாம் கற்பனை செய்ய வேண்டுவதில்லை. என்ன விளைந்தது என்பதைக் காணலாம். அம்மாணவி அவரை மறக்கவில்லை. தம் எழுபதுகளில், அந்த ஆசிரியையின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்து 2012-இல் நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பின் தொடக்கம் 'என் ஆசிரியை' என்பதாகும். ஸ்பீரின் மகள் தம் தந்தையின் பெயரோடு மட்டும் வாழவில்லை. தம் ஆசிரியையின் பெயரையும் உடன் கொண்டு வாழ்ந்தார்.

நாம் செய்யத்தக்கவை

நம் பள்ளிகளில் நாஜித் தலைவர்களின் பிள்ளைகள் இல்லை. ஆயினும், தந்தை சிறையிலிருக்கும் மாணவன் இருக்கலாம். அண்ணன் பெயர் நாளிதழில் வந்த மாணவி இருக்கலாம். அவர்களுக்காகச் சிலவற்றை நினைவிற்கொள்வோம்.

1. ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் விவரப் படிவம் நிரப்பும்பொழுது, தந்தை எங்கே, என்ன வேலை என்று வகுப்பின் நடுவே உரக்கக் கேட்க வேண்டா. தனியே கேட்டறிய வழியுண்டு.

2. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்னும் பழமொழியை ஆசிரியர் அறையில் ஒரு மாணவனைச் சுட்டிப் பயன்படுத்த வேண்டா. அப்பழமொழி நல்ல வளர்ப்பை வலியுறுத்த வந்தது. பிள்ளைக்குத் தீர்ப்புக் கூற வந்ததன்று.

3. பெற்றோர்களே, "அவனோடு சேராதே" என்று பிள்ளையிடம் கூறுமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அச்சிறுவன் செய்த தவறு என்ன?

4. தந்தையை வெறுக்கும்படியோ மறக்கும்படியோ அப்பிள்ளையை வற்புறுத்த வேண்டா. செய்தது தவறு என்பதும் அவர் என் தந்தை என்பதும் ஒரே நெஞ்சில் சேர்ந்திருக்கக்கூடும். ஹில்டாவின் நெஞ்சில் அவை இரண்டும் இருந்தன.

5. வயதிற்கேற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். ஃபிராங்க் தம் மகனிடம் சொன்ன பொய் ஒரு நொடி ஆறுதலாக இருந்திருக்கலாம். அது எண்பது ஆண்டுகளாகியும் ஆறாத புண்ணாயிற்று.

குற்றம் வழிவழியாக வருவதன்று. பெயர்தான் வழிவழியாக வருகின்றது. பெயரோடு வரும் சுமையை ஒரு பிள்ளை தனியே தூக்குவதா, சிலர் உடன்நின்று தூக்குவதா என்பது பெரியவர்களாகிய நம் கையில் உள்ளது. நாளைக் காலை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்பொழுது, அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரிய பெயராக அழைப்போம்.