குறிப்பின் அடியில் ஒரு பெயர்

ஜெராக்ஸ் எந்திரம் பாதியில் நின்றுபோனால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அதன் சிறு திரையில் தெரியும் எண்ணுக்குத்தான். 1980களில் அமெரிக்க அலுவலகங்களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பெரிய எந்திரங்களைப் பழுதுபார்த்துவந்த மெக்கானிக்குகளுக்கும் அப்படித்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எரர் கோட் என்ன என்று பார். மேனுவலில் அந்த எண்ணுக்குரிய பக்கத்தை எடு. அதில் இருப்பதை வரிசை மாறாமல் செய். செய்து முடித்தால் எந்திரம் ஓடும்.

ஈ053 என்ற எண் வந்தபோது ஓடவில்லை. அந்த எந்திரத்தின் பெல்ட்டுக்கு மின்னேற்றம் கொடுப்பதற்காக டைகோரோட்ரான் என்று ஒரு பாகம் உண்டு. அது ஷார்ட் ஆனால் முன்பெல்லாம் அதோடு இணைந்த சர்க்யூட் போர்டும் கருகிவிடும். போர்டைக் காப்பாற்றுவதற்காக நிறுவனம் வடிவமைப்பை மாற்றியது. அதன்பின் போர்டு கருகவில்லை. அதற்குப் பதிலாக 24 வோல்ட் மின்சாரம் அறுந்து, எந்திரம் முழுவதும் படுத்துக்கொண்டது. மறுபடி எழுப்பினால் திரையில் ஈ053 வரும். அந்த எண் கைகாட்டும் இடம் வேறு, கோளாறு இருக்கும் இடம் வேறு. உண்மையான இடத்தைக் காட்டும் எஃப்066 என்ற எண் சில நேரம் வரும், சில நேரம் வராது. மேனுவலை மட்டும் நம்பியவர் நாள் முழுக்க எந்திரத்தைப் பிரித்து மாட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்தச் சூட்சுமம் மெக்கானிக்குகள் சிலருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் பட்ட பாட்டை இன்னொருவரிடம் சொல்லி, அப்படிக் கைமாறி வந்த அறிவு அது. ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். மலைக்கிராமத்துக்குப் போய் இனக்குழுவை ஆராய்வதுபோல, அவர் இந்த மெக்கானிக்குகளோடு வாடிக்கையாளர் அலுவலகங்களுக்குப் போனார். அவர்கள் சாப்பிட்ட மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கே நடந்த பேச்சில் பெரும்பகுதி எந்திரங்களைப் பற்றித்தான். வெளியிலிருந்து பார்த்தால் வேலை நேரத்தில் அரட்டை. அந்த அரட்டைதான் மேனுவலில் இல்லாத பக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தது என்று ஜூலியன் ஓர் கண்டார். அவருடைய புத்தகம் 1996-இல் வெளிவந்தது.

இன்று ஓரளவு பெரிய நிறுவனம் எதுவாக இருந்தாலும் ஊழியர்களுக்கென்று ஓர் இன்ட்ராநெட் இருக்கும். அதில் குழு, அரட்டை, ஆவணக் கிடங்கு எல்லாம் இருக்கும். நிர்வாக இயக்குநரின் வரவேற்புச் செய்தியோடு அது தொடங்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் விடுமுறைப் பட்டியலும் பழைய சுற்றறிக்கையும் மட்டும் கிடக்கும். சில இடங்களில் மட்டும் இருபது முப்பது ஆண்டுகளாகியும் உயிரோடு ஓடும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அந்தக் கருவிகளின் வரலாறே காட்டிக்கொடுக்கிறது.

அந்த வரலாறு ஓர் அழிக்கும் ரப்பரில் தொடங்குகிறது என்றுகூடச் சொல்லலாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்று ஒரு கணினி அமைப்பு இருந்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக உருவானது. 1970களின் தொடக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரைகள் அதற்கு உண்டு. அமைப்பில் கோளாறு கண்டவர்கள் அதை எழுதிவைக்க ஒரு பொதுக் கோப்பு திறந்து வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அழிக்கலாம். எழுதியவர் யாரென்று தெரியாது, பதில் சொல்ல வேண்டியவர் யாரென்றும் தெரியாது. ஒருவர் விளையாட்டாக அழித்துவிட்டால் மொத்தமும் போயிற்று.

இதற்கு மாற்றாக ஒரு நிரல் எழுதும் வேலை டேவிட் வூலி என்ற 17 வயது இளைஞரிடம் வந்தது. 1973 ஆகஸ்டில் அவருடைய ‘நோட்ஸ்’ பயன்பாட்டுக்கு வந்தது. அதில் எழுதப்பட்ட ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவர் அடையாளம், தேதி, நேரம் மூன்றும் தானாகப் பதிந்தன. அடுத்தவர் அதில் கை வைக்க முடியாது. பதில் வேண்டுமானால் அதன்கீழ் தனியாக எழுதலாம், 63 பதில்கள் வரை. கேட்டால் சின்ன மாற்றம்தான். ஆனால், கேட்டவர் பெயரும் சொன்னவர் பெயரும் அடுத்தடுத்து நின்றபோது, புகார்ப்பெட்டியாக இருந்தது பேசும் இடமாகிவிட்டது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து, பிளேட்டோவில் வேலை பார்த்து வளர்ந்தவர் ரே ஆஸி. வெளியே வந்தபின் அதுபோன்ற ஒன்று அலுவலகங்களுக்கும் வேண்டும் என்ற நினைப்பு அவரை விடவில்லை. 1984-இல் ஐரிஸ் அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பணம் போட்டது லோட்டஸ் நிறுவனம். ஐந்து ஆண்டு உழைப்புக்குப் பின் 1989 டிசம்பரில் ‘லோட்டஸ் நோட்ஸ்’ கடைக்கு வந்தது. கடை என்பது பேச்சுக்குத்தான். ஒன்று இரண்டாக விற்கவில்லை. 200 பேருக்கான உரிமம் 62,500 டாலர். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற தணிக்கை நிறுவனம் எடுத்த எடுப்பிலேயே 10,000 பேருக்கு வாங்கியது. உலகெங்கும் சிதறிக்கிடக்கும் ஆலோசகர்களின் அனுபவமெல்லாம் ஒரே இடத்தில் திரளும், ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது அந்தக் கால நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை நேரில் போய்ச் சோதித்தவர் எம்ஐடி பேராசிரியர் வாண்டா ஓர்லிகோவ்ஸ்கி. நோட்ஸை வாங்கிப் பரப்பிய ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குள் சென்று ஊழியர்களிடம் பேசினார். நிறுவனத்தின் பெயரை மறைத்து 1992-இல் கட்டுரை வெளியிட்டார். மென்பொருள் எல்லா மேசைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பகிர்வுதான் நடக்கவில்லை. பலருக்கு அது இன்னொரு மின்னஞ்சல் என்ற அளவில்தான் புரிந்திருந்தது. அதைக் கற்றுக்கொள்ளச் செலவாகும் நேரத்தை எந்த வாடிக்கையாளர் பில்லில் எழுதுவது? ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டிய வேலையில் இது வெறும் கேள்வி இல்லை, வயிற்றுப்பாடு. இன்னொன்று அதைவிடக் கனமானது. மேலே ஏறு, இல்லையேல் வெளியேறு என்பதே அங்கே சட்டம். தனக்கு மட்டும் தெரிந்த விஷயம்தான் ஒருவருடைய முதல். அதைத் தூக்கிப் பொதுவில் வைத்துவிட்டுப் பதவி உயர்வுக்குப் பக்கத்து நாற்காலிக்காரரோடு போட்டி போட யாருக்கு மனம் வரும்? அந்த ஊழியர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். நிறுவனம் எதற்குச் சம்பளம் கொடுத்ததோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வேறொரு முடிச்சு. அங்கே பல நாட்டு இயற்பியலாளர்கள் வருவார்கள், இரண்டு ஆண்டு போல இருப்பார்கள், போய்விடுவார்கள். யார் எந்த நிரலை எழுதினார், எந்தக் கருவி எதோடு இணைந்தது என்பதெல்லாம் அவர்களோடு விமானம் ஏறிவிடும். இந்த இழப்பைத் தடுக்கத்தான் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். உலகளாவிய வலை பிறந்தது ஓர் ஆய்வுக்கூடத்தின் உள்வீட்டுத் தேவைக்காக! ஆனால், செர்ன் ஊழியர்களை அதன் பக்கம் இழுத்தது அந்தப் பெரிய கனவு இல்லை. தொலைபேசி எண் பட்டியல். அதுவரை ஓர் எண் வேண்டுமானால் மெயின்ஃப்ரேமுக்குள் தனியாக லாகின் செய்ய வேண்டும். பெர்ண்ட் போலர்மான் என்ற சகஊழியர் அந்தப் பட்டியலை வலையில் கிடைக்கச் செய்தார். தினமும் தேடுகிற ஒன்று, முன்பைவிடச் சுலபமாகக் கிடைத்தது. எண்ணைத் தேடி வந்தவர்களின் கணினியில் வலையும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி ஜெராக்ஸ் மெக்கானிக்குகளிடம் திரும்பலாம்.

பாலோ ஆல்டோ மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் முதலில் எடுத்துக்கொண்டது செயற்கை நுண்ணறிவை. எந்திரத்தின் பாகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்து, கோளாறை அதுவே கண்டுபிடிக்கும்படி ஒரு நிரலை உருவாக்கினார்கள். மெக்கானிக்குகளிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் எங்களுக்கு உதவாது என்று பதில் வந்தது. எதிர்பார்த்த கோளாறுகளை அவர்களே சரிசெய்துவிடுவார்கள். தலைவலி கொடுப்பவை யாரும் எதிர்பார்க்காதவை: ஈரப்பதத்தால் வருவது, ஒரு பாகம் பழசானபின் வருவது, வடிவமைப்பை மாற்றியதால் வருவது. அவற்றுக்கு மருந்து, ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்ட இன்னொரு மெக்கானிக்கிடம்தான் இருந்தது. டென்வரில் அவர்களுக்கு வாக்கி டாக்கி கொடுத்துப் பார்த்தபோது, ஊரின் வெவ்வேறு மூலைகளில் வேலை செய்துகொண்டே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். காற்றில் போகும் பேச்சு தங்காது என்பது மட்டும்தான் அதில் குறை.

‘யுரேகா’ அங்கிருந்து வந்தது. 1990களின் நடுவில் பிரான்ஸில் முதலில் வேர்விட்டது. அந்நாட்டு வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஏற்கெனவே இருந்த மினிடெல் என்ற தொலைபேசித் திரை அதற்கு வாகனமாயிற்று. அமைப்பைப் பார்த்தால் அவ்வளவு எளிமை. அறிகுறி என்ன, காரணம் என்ன, எப்படிச் சரிசெய்வது என்று மெக்கானிக் ஒரு குறிப்பை எழுதி அனுப்புவார். அது உடனே எல்லோருக்கும் போய்விடாது. அந்த வகை எந்திரத்தில் கைதேர்ந்த சக மெக்கானிக்குகள் முதலில் பார்ப்பார்கள்; சந்தேகம் இருந்தால் எழுதியவரிடமே கேட்பார்கள், திருத்துவார்கள், தேவையில்லை என்றால் தள்ளுவார்கள். தேறியது மட்டும் தரவுத்தளத்தில் ஏறும், எழுதியவரின் பெயரோடு.

சன்மானம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, யுரேகாவை உருவாக்குவதில் பங்கெடுத்த மெக்கானிக்குகளே அதை ஏற்கவில்லை. காசு கொடுத்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், தரம் கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். பெயர் மட்டும் போதும் என்றார்கள். அது எவ்வளவு பெரிய கூலி என்பதைக் காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. நல்ல குறிப்புகள் பல எழுதியிருந்த ஒருவரை, சக ஊழியர்கள் கூடியிருந்த கூட்டமொன்றில் யாரும் சொல்லாமலே எல்லோரும் கைதட்டிக் கொண்டாடினார்கள். வாடிக்கையாளர் அலுவலகத்தில் எந்திரத்தின் பின்பக்கம் தனியாக மண்டியிட்டு, கறுப்பு மைப்பொடி அப்பிய கையோடு வேலை செய்பவருக்கு அதுபோன்ற கைதட்டல் வாழ்க்கையில் எத்தனை முறை கிடைத்துவிடும்?

ஜெராக்ஸ்காரர்கள் அடிக்கடி சொல்லிக்கொண்ட கதை பிரேசிலில் நடந்தது. உயர்ரக வண்ண எந்திரம் ஒன்று படுத்தியெடுத்தது. வாடிக்கையாளர் கடுங்கோபத்தில் இருந்தார். எந்திரத்தையே மாற்றிக் கொடுப்பது தவிர வழியில்லை. செலவு சுமார் 40,000 டாலர். யுரேகாவின் சோதனை வடிவம் அங்கே கைக்கு வந்திருந்தது. தேடிப்பார்த்தபோது, கனடாவின் மாண்ட்ரியாலில் வேலை செய்யும் ஒரு மெக்கானிக் எழுதிய குறிப்பு அகப்பட்டது. அதன்படி மாற்றியது 50 சென்ட் விலையுள்ள ஒரு ஃபியூஸை. எந்திரம் ஓடியது. பிரான்ஸ், கனடா, அமெரிக்கா என்று யுரேகா பரவியபின், நிறுவனத்துக்கு அதனால் மிச்சமானது 10 கோடி டாலர் என்று ஆய்வு மையத்தின் தலைவராக இருந்த ஜான் சீலி பிரவுனும் பால் டுகிடும் 2000-இல் எழுதினார்கள்.

ஆலோசனை நிறுவனத்தின் நோட்ஸில் இல்லாதது இங்கே என்ன இருந்தது? மெக்கானிக்குக்குத் தன் ரகசியத்தைச் சொல்வதால் பதவி போகாது, மதிப்பு கூடும். குறிப்பைத் தேடுவது தனி வேலை இல்லை, எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் நேரத்திலேயே அதற்கான தேவை வந்துவிடுகிறது. எழுதியதைப் படித்துப் பார்க்கத் தொழில் தெரிந்த ஒருவர் இருக்கிறார். மூன்றாவதுதான் பெரும்பாலான இன்ட்ராநெட்களில் விட்டுப்போவது. வாங்கும்போது உரிமத்துக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள், களையெடுக்க ஆள் போடுவதில்லை. தவறான குறிப்பு ஒன்றை நம்பி ஒருமுறை கெட்டவர் மறுமுறை அந்தப் பக்கமே வரமாட்டார்.

லோட்டஸ் நோட்ஸ் என்ன ஆனது? 1995-இல் ஐபிஎம் 350 கோடி டாலர் கொடுத்து லோட்டஸ் நிறுவனத்தையே வாங்கியது; முக்கியமாக நோட்ஸுக்காக. வலை வளர்ந்தது, புதுப்புதுக் கருவிகள் வந்தன, நோட்ஸின் காலம் முடிந்தது என்று பலமுறை எழுதினார்கள். 2018 டிசம்பரில் நோட்ஸும் வேறு சில மென்பொருள்களும் 180 கோடி டாலருக்கு எச்சிஎல் நிறுவனத்துக்குக் கைமாறுவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கைமாறின. திருச்செந்தூர் வட்டாரத்தில் மூலைப்பொழி கிராமத்தில் பிறந்து கோவை பிஎஸ்ஜியில் படித்த ஷிவ் நாடார் 1976-இல் தொடங்கிய நிறுவனம் அது. இல்லினாயில் ஓர் இளைஞர் எழுதிய குறிப்பேட்டின் வாரிசு இன்று அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது.

நோட்ஸை விட முடியாமல் பல நிறுவனங்களைப் பிடித்துவைத்தது அன்று கனவு கண்ட அந்த அறிவுக் களஞ்சியம் இல்லை. கொள்முதல் ஒப்புதல், விடுப்பு விண்ணப்பம், புகார்ப் பதிவு என்று ஊழியர்களே தங்கள் வேலைக்காக அதில் கட்டிக்கொண்ட சின்னச்சின்னப் பயன்பாடுகள். அப்படிப்பட்ட படிவம் ஒன்றைத் திறந்து அதன் பண்புகளுக்குள் போனால், திரையில் தெரியாத ஒரு புலம் இருக்கும். அந்த ஆவணத்தை யார் யார் திருத்தினார்கள் என்ற பெயர்கள் அதில் வரிசையாகச் சேர்ந்திருக்கும்.