மாண்டாரென எண்ணியவர் மீண்டபோது

மணிமேகலையில் வரும் ஆதிரையின் வரலாற்றை நேயர்களில் பலர் இளமையிலேயே பயின்றிருப்பீர்கள். அவள் கணவன் சாதுவன், கணிகை ஒருத்தியிடம் கைப்பொருளையெல்லாம் தோற்றுவிட்டு, வணிகரோடு கூடிக் கலம் ஏறிச் சென்றான். நடுக்கடலில் கலம் உடைந்தது. ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு அவன் நாகர் வாழும் மலைப்பக்கம் கரை ஒதுங்கினான். தப்பி மீண்ட சிலர் புகார் நகரில் சொன்ன செய்தியோ, சாதுவன் மாண்டான் என்பது. ஆதிரை தீ வளர்த்து அதனுள் புகுந்தாள்; தீ அவளைச் சுடவில்லை. உன் கணவன் உயிரோடு இருக்கிறான் என்று வானில் ஒரு குரல் எழுந்தது. நம் நாட்டின் முதல் வானொலிச் செய்தி அதுதான் என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆடையின்றி வாழ்ந்த அந்த நாகர், முதலில் சாதுவனைக் கொன்று உண்ணக் கருதினர். தம் மொழியில் அவன் பேசக் கேட்டதும் மனம் மாறி, பின்னர்ப் பொருள் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தனர். அந்நிலம் நக்கவாரத் தீவுகளாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார் என்பதில் ஐயமில்லை. காப்பிய நாகரை அவ்விடத்தில் வைப்பது ஊகமே. ஆயினும், அந்தக் கடலில் ஒருவர் காணாமற்போய், இறந்தவராக எண்ணப்பட்டு, உயிரோடு திரும்பி வருவதைத் தமிழ் மக்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கற்பனை செய்து பார்த்திருக்கின்றனர் என்பது தெளிவு.

காப்பியத்துச் சாதுவனை ஊர் எளிதாக ஏற்றுக்கொண்டது. வரலாற்றில் நடந்தவை அவ்வளவு எளியவை அல்ல.

1858-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் 200 கைதிகளோடு முதற்கப்பல் அந்தமானை அடைந்தது. முந்திய ஆண்டு நடந்த பெருங்கிளர்ச்சியில் ஈடுபட்டோரை நாடு கடத்துவதற்காகவே அக்குடியேற்றம் தொடங்கப்பெற்றது. மருத்துவர் ஜே. பி. வாக்கர் அதன் கண்காணிப்பாளர். அடுத்த மாதமே வந்து சேர்ந்தவருள் ஒருவர் தூத்நாத் திவாரி. வங்காளப் படையின் 14-ஆம் காலாட்படைப் பிரிவில் சிப்பாயாக இருந்து, கிளர்ச்சிக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர். வந்து மூன்று வாரங்கூட ஆவதற்குள், ஏப்ரல் 23-ஆம் நாள், கைதிகள் பலரோடு ராஸ் தீவிலிருந்து தப்பியோடினார்.

எங்கே போவதாக எண்ணம்? கடலைத் தாண்டினால் சிறிது தொலைவில் பர்மா, அங்கே சென்றால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை கைதிகளிடையே உலவியது. உண்மையில் அவர்கள் முன் இருந்தவை அடர்ந்த காடும் பசியுமே. இரு வாரம் காட்டில் அலைந்த அக்கூட்டத்தை அந்தமானியர் வளைத்துக்கொண்டு அம்பு எய்தனர். பெரும்பாலோர் மாண்டனர். திவாரியும் இன்னும் இருவரும் புண்களோடு தப்பினர். மறுநாள் அவ்விருவரும் கொல்லப்பட்டனர். இறந்தவர் போல் கிடந்த திவாரியை இழுத்து வந்து மேலும் அம்பெய்தவர்கள், அவர் கைகூப்பிக் கெஞ்சியதும், ஏனோ இரங்கினர். புண்களில் செம்மண்ணைக் குழைத்துப் பூசித் தோணியில் ஏற்றித் தார்முக்லித் தீவுக்குக் கொண்டு சென்றனர்.

அதன்பின் ஓராண்டுக் காலம் அவர் அவர்களுள் ஒருவராக வாழ்ந்தார். தலையை மழித்து, ஆடை களைந்து, அவர்களோடு தீவுதீவாகத் திரிந்து, மொழியையும் ஓரளவு கற்றார். இலீப்பா என்னும் இருபது வயதுப் பெண்ணையும் சீகா என்னும் பதினாறு வயதுப் பெண்ணையும் அவருக்கு மணம் செய்து கொடுத்தனர். அவர் கையில் வில்லை மட்டும் கொடுக்கவில்லை என்பார்கள். பிணையாளா, விருந்தாளியா, மருமகனா? மூன்றும் கலந்த நிலையே அது என எனக்குத் தோன்றுகிறது.

1859 மே மாதத்தில் அந்தமானியர் அபர்தீன் என்னும் இடத்திலிருந்த குடியேற்றத்தைத் தாக்கத் திரண்டனர். தங்கள் காட்டை அழித்து நிலத்தைக் கவர்ந்தவர்களைத் துரத்துவதே அவர்களின் நோக்கம். அப்படையோடு வந்த திவாரி, மற்றொரு தப்பிய கைதியுடன் பிரிந்து ஓடி, தாக்குதலுக்கு முன்னரே வாக்கரிடம் செய்தி சொல்லிவிட்டார். வெள்ளையர் துப்பாக்கியோடும் பீரங்கியோடும் காத்திருந்தனர். அந்தமானியர் சிறிது நேரம் குடியேற்றத்தைக் கைப்பற்றினர் எனினும், முடிவில் பலரை இழந்து பின்வாங்கினர்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஓராண்டுக்கு முன்பு தப்பியோடிப் பிடிபட்ட கைதிகளுள் 86 பேரை வாக்கர் தூக்கிலிட்டிருந்தார். அதே குற்றம் செய்த ஒருவர், இறந்தவராக எண்ணப்பட்டவர், அம்புத் தழும்புகளோடு அதிகாரியின் முன் வந்து நிற்கிறார். கையில் இந்தச் செய்தி மட்டும் இல்லையென்றால் அவர் நிலை என்னவாகியிருக்கும்? திரும்பி வந்த மனிதரை அல்ல, அவர் கொண்டுவந்த செய்தியைத்தான் ஆட்சியாளர் வரவேற்றனர். அவர் கூறியவற்றை விரிவாக எழுதிக்கொண்டனர். அந்தமானியர் உணவு, மணம், நோய், ஈமச்சடங்கு அனைத்தையும் கேட்டறிந்தனர். 1860-இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் அத்தீவில் அதிகாரியாக இருந்து பெரிய வரலாறு எழுதிய போர்ட்மன், திவாரியின் கூற்றுகளில் பலவற்றை ஐயத்தோடுதான் நோக்கினார்.

இவ்வாறு நடப்பது அந்தமானுக்கு மட்டும் உரியதன்று. கண்டி அரசனால் 1660-இல் பிடிக்கப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இலங்கையில் சிறையிருந்த இராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1679-இல் அநுராதபுரக் காடு வழியாக நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இலண்டன் திரும்பிய பின் 1681-இல் அவர் எழுதி வெளியிட்ட நூலுக்குக் கிடைத்த வரவேற்பும், அவர் பட்ட துயருக்காக அன்று, அந்நாட்டைப் பற்றி அவர் அறிந்திருந்தவற்றுக்காகவே.

சரி, விட்டுவந்த இடம் என்ன நினைத்தது? திவாரி புறப்பட்டபோது இலீப்பா கருவுற்றிருந்தாள். காயத்துக்கு மருந்திட்டு, பெண் கொடுத்து, ஓராண்டு சோறிட்ட மக்களை அவர் காட்டிக்கொடுத்தார் என்பாரும் உளர். உயிரைக் காத்துக்கொள்ள விரும்பிய கைதி வேறு என்ன செய்ய இயலும் என்பாரும் உளர். அபர்தீனில் இன்று நிற்கும் நினைவுச்சின்னம் அன்று போரிட்டு மாண்ட அந்தமானியருக்காக எழுப்பப்பட்டது. திவாரிக்கு அங்கே இடமில்லை. அது முறையே என்பது என் கருத்து.

கடத்தப்பட்டவர் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. குடியேற்றத்துக்கு இடம் தேடி மருத்துவர் மௌவட்டின் தலைமையில் வந்த புளூட்டோ என்னும் கப்பல், 1858 சனவரியில் அந்தமானியர் ஒருவரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோயிற்று. மாலுமிகள் அவருக்கு ஜாக் என்று பெயரிட்டனர். நகரமே திரண்டு வந்து அவரை வேடிக்கை பார்த்தது, படமும் பிடித்தனர். நோயுற்று மெலிந்த பின்னரே, பரிசுப் பொருள்களோடு, பிடித்த பகுதியிலேயே மீண்டும் கரையில் விட்டனர். 1861-இல் வேறு மூவரைப் பிடித்துப் பர்மாவுக்கு அனுப்பினர். அவர்களுள் ஒருவர் அங்கேயே இறந்தார். 1880-இல் போர்ட்மன் வட சென்டினல் தீவிலிருந்து முதிய கணவன் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டு வந்தார். முதியோர் இருவரும் நோயால் இறந்தனர். குழந்தைகளை மட்டும் பரிசுகளோடு திருப்பி அனுப்பினர். அத்தீவார் இன்றளவும் அயலாரை அணுகவிடாமல் அம்போடு நிற்பதற்குக் காரணம் தேடுவோர், இந்நிகழ்ச்சியையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்தகைய மக்களிடையே, பிரிந்தவர் மீளும்போது செய்யும் முறை ஒன்று உண்டு. 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த மானிடவியலறிஞர் இராட்கிளிஃப்-பிரௌன் அதனை விளக்கியிருக்கிறார். நெடுநாள் பிரிந்த உறவினர் சந்தித்தால், ஒருவர் மடியில் மற்றவர் அமர்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, இருவரும் சில நிமிடம் வாய்விட்டு அழுவர். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசத் தொடங்குவர். அறுபட்ட உறவை மீண்டும் முடிச்சிடும் சடங்கு என்று அவர் அதற்குப் பொருள் கூறினார். எனக்கு வியப்பாக இருப்பது அதன் வரிசை: முதலில் அழுகை, பிறகே கேள்வி. நாமோ பெரும்பாலும் கேள்வியையே முதலில் வைக்கிறோம். எப்படிப் பிழைத்தாய், ஏன் முன்பே ஓடி வரவில்லை, அங்கே எப்படி வாழ்ந்தாய்? அசோகவனத்திலிருந்து மீண்ட சீதையிடம் கேட்கப்பட்டதும் இதுவே அன்றோ. கணவன் காணாமற்போனாலும் தீயில் இறங்குபவள் ஆதிரை; தானே கவரப்பட்டு மீண்டாலும் தீயில் இறங்குபவள் சீதை.

பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் நேயர்களுக்கு வேறொரு நினைவும் எழும். 2000-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபோது, 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தைக் கண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தி கேட்டன. 108 நாள்களுக்குப் பின் அவர் நலமாக விடுவிக்கப்பட்டபோது அங்கே எழுந்த மகிழ்ச்சியில் தமிழர் விட்ட பெருமூச்சும் கலந்திருந்தது. அவர் வீடு சேர்ந்து சில நாள் ஆவதற்குள், எவ்வளவு பணம் கைமாறியது என்னும் கேள்வி செய்தித்தாள்களை நிறைத்துவிட்டது.

மீண்டும் அந்தமானுக்கு வருவோம். குடியேறியோரை நூறாண்டுக்கு மேலாக அம்பால் எதிர்த்து வந்தவர்கள் ஜாரவாக்கள். 1996-இல் கதம்தலா அருகே கால் எலும்பு முறிந்து கிடந்த ஜாரவாச் சிறுவன் ஒருவனை ஊரார் கண்டெடுத்தனர். பழைய பகையை நினைத்து அவனை விட்டுச் செல்லாமல், போர்ட் பிளேர் மருத்துவமனைக்கு அனுப்பினர். அங்கே பல மாதம் தங்கிக் குணமடைந்தவன் மீண்டும் காட்டில் கொண்டுபோய் விடப்பட்டான். இறந்தான் என்றோ, பகைவரால் கவரப்பட்டான் என்றோ அவன் குலத்தார் எண்ணியிருக்கக்கூடும். அவன் திரும்பிப் போய் அவர்களிடம் கூறிய கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஓராண்டு கழித்து, 1997 அக்டோபரில், ஜாரவாக்கள் வில்லேந்தாமல் பகற்பொழுதில் காட்டைவிட்டு வெளியே வந்தனர். அவர்களுள் அவனும் இருந்தான். சாலையோரத்தில் மக்கள் கூடித் தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்தனர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவிற்று.